காவர் பதில் சொல்லட்டும்

விடிவதற்குள் தறியில் ஏறிவிட வேண்டும். ஈரானின் கெர்மானில் எங்கள் கம்பளப் பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிக்காற்றுப் பட்டால் கம்பளி நூல் காய்ந்து முறுகிவிடுமாம். எங்கள் நெஞ்சு காய்ந்தால் யாருக்கு என்ன? கூரைத் துவாரத்தில் விழும் வெளிச்சத்தில், கயிற்றில் தொங்கும் பலகையில் நாங்கள் நான்கு பெண்கள் உட்கார்ந்து முடிச்சுப் போடுவோம். கம்பளம் வளர வளரப் பலகையும் மேலே ஏறும். நான் சொல்லும் நாளில் அது இரண்டாள் உயரத்தில் இருந்தது.

கீழே எங்கள் மேஸ்திரி உஸ்தாத் நுஸ்ரத், கோலம் வரைந்த தாளைப் பார்த்து நிறங்களைப் பாட்டாகச் சொல்வார்.

"தூபா, ரெண்டு சிவப்பு, பக்கத்துல ஒரு வெள்ளை!"

"போட்டாச்சு!"

"காவர், மூணு நீலம்!"

"போட்டாச்சு!"

எங்கள் தெரு முழுக்கப் பட்டறைகள்தான். எல்லாச் சுவர்களுக்குப் பின்னாலும் இந்தப் பாட்டுக் கேட்கும். ஊருக்குப் புதியவர்கள் கல்யாண வீடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நால்வரும் முடித்தால்தான் ஊடை நூலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறக்கலாம். காவருக்கு ஏழாம் மாதம். மூச்சு வாங்கும். நாங்கள் காத்திருப்போம். "என் வயித்துல இருக்கறவனுக்கும் சேத்துக் கூலி கேளுங்கடி" என்று சிரிப்பாள்.

அவள் பக்கத்துக் கயிறு நைந்துபோனதை முதலாளி ஹாஜி கமாலியிடம் சொன்னேன். "இந்தக் கம்பளம் எறங்கட்டும், மாத்தலாம்" என்றார்.

கம்பளத்துக்கு முன் காவர் இறங்கிவிட்டாள். கயிறு அறுந்தபோது நாங்கள் மூவரும் எதிரே தறியில் மேலும் கீழுமாக இழுத்துக் கட்டிய பாவு நூல்களைப் பற்றித் தொங்கினோம். அவள் கையில் மட்டும் நூல் வெட்டும் கத்தி இருந்தது. கையை நீட்டியவள், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கத்தியோடு பாவைத் தொடக்கூடாதென்று ஏழு வயதில் அடித்துப் பழக்கிய கை அது.

இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

ஹாஜி வந்து பாவைத் தடவித் தடவிப் பார்த்தார். "அல்லா காப்பாத்தினான். ஒரு நூல்கூட அறுபடல." மறுநாள் அதே கயிற்றை முடிந்து பலகையை ஏற்றினார். காவர் இடத்துக்கு இஸ்மத் என்றொருத்தியும் வந்து நின்றாள்.

"புதுக் கயிறு எங்க, ஹாஜி?" என்றேன்.

"அதான் முடிச்சுப் போட்டிருக்கேன்ல, சனோபர்?"

"முடிச்சப் பத்தி எங்ககிட்டயா? சீரகம் விளையற கெர்மானுக்கே சீரகம் விக்க வந்தீங்களாக்கும்!"

"வாய் ரொம்ப நீளுது. அவ கவனமில்லாம விழுந்தா நான் என்ன பண்றது?"

அதிகம் பேசாத தூபா முன்னால் வந்தாள். "உங்க நூலப் பிடிச்சிருந்தா அவ விழுந்திருக்கவே மாட்டா, ஹாஜி. கத்தி பட்டு அறுந்துடும்னு கையை எடுத்துக்கிட்டா. புள்ளையத்தான் அறுத்துக்கிட்டா."

ஹாஜி மேஸ்திரி பக்கம் திரும்பினார். "உஸ்தாத், ஆரம்பிங்க" என்றார்.

ஏணியில் கால் வைத்த இஸ்மத் காலை எடுத்துவிட்டாள். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்று எங்கள் பக்கம் வந்து நின்றாள்.

உஸ்தாத் ஹாஜியின் உப்பைத் தின்று வளர்ந்தவர். அவரை நான் நம்பவில்லை. அவர் தாளை விரித்து, தொண்டையைச் செருமினார்.

"காவர், மூணு நீலம்!"

யாரும் வாய் திறக்கவில்லை.

"காவர், மூணு நீலம்!"

"அவதான் இல்லையே, பைத்தியமா உமக்கு?" என்று ஹாஜி கத்தினார்.

"அவ பதில் சொல்லாம அடுத்த வரிசைக்குப் போக எனக்குத் தெரியாது, ஹாஜி." தாளைச் சுருட்டி வைத்துவிட்டு எங்களோடு வெளியே வந்தார்.

புதுக் கயிறு, காவர் எழுந்து நடக்கும்வரை அவளுக்குக் கூலி, எழுந்ததும் அவள் இடம் அவளுக்கே. இந்த மூன்றையும் ஹாஜியிடம் கேட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தோம். "பசிச்சா தானா வருவீங்க" என்றார் ஹாஜி. பசி எங்களுக்கென்ன நேற்று வந்த விருந்தாளியா?

மூன்று வீடு தள்ளிப் படுக்கையில் கிடந்தாள் காவர். "நம்ம பட்டறைப் பாட்டு ஏன் கேக்கல, சனோபர்?" என்றாள். சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னால உங்க வீட்டு அடுப்பும் அணையணுமா?"

"உனக்காகக் காத்திருக்கறது எங்களுக்குப் புதுசாடி?"

அப்போது பக்கத்துப் பட்டறைப் பாட்டு பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பட்டறையும் ஓய்ந்தது. வேலையை நிறுத்தச் சொல்லித் தூபா கதவு கதவாகப் போய்க்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் ஒற்றைக் குரல் இழுத்துக்கொண்டிருந்தது. அதுவும் அடங்கியது.

காவர் மெல்லத் திரும்பினாள். கண்ணீரோடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"நம்ம தெருவுல குருவி கத்துமாடி? நான் கேட்டதே இல்லையே."