வராத கப்பல்கள்

ஒன்பதாம் வகுப்பில் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்த பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, வெங்கடேஸ்வரி வராந்தாவில் நின்று போனை எடுத்தாள். சுயம்புலிங்கம். செட்டியார்பட்டிக்காரன், அவள் கணவன் பாண்டிதுரையோடு ராணுவத்தில் இருப்பவன். வடக்கே மலைச்சரிவில் பாண்டிதுரை போன லாரி ஆற்றில் விழுந்ததிலிருந்து அவன்தான் அவளுக்கும் மாமியாருக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மதினி, தேடுறத நிறுத்திட்டாக. ஆத்துல தண்ணி கூடிக்கிட்டே போகுது."

"அத்தைக்குச் சொன்னீகளா?"

"எனக்கு வாய் வரல. ஆபீசர் சாயந்தரம் வீட்டுக்குப் போன் போடுவாரு. அதுக்குள்ள நீங்க சொல்லிருங்க."

வேறென்ன செய்வதென்று தெரியாமல் வகுப்புக்குள் போனாள். விட்ட இடத்திலிருந்து வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. துருக்கியர் நகரத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். வெனிஸிலிருந்து கப்பல்கள் வரும் என்று உள்ளே இருந்தவர்கள் நம்பினார்கள். வருகிறதா என்று பார்க்கச் சிலர் துருக்கியரைப் போல உடுத்தி, ஒரு சிறு கப்பலில் முற்றுகையைத் தாண்டிப் போனார்கள். கடலில் எங்கு தேடியும் ஒன்றுமில்லை. இப்படியே தப்பிவிடலாம் என்றான் ஒருவன். மற்றவர்கள் கேட்கவில்லை. திரும்பி வந்து, யாரும் வரவில்லை என்று பேரரசரிடம் சொன்னார்கள். அவர் அழுதார். சில நாளில் மதில் உடைந்தது.

முன்வரிசையிலிருந்து முனீஸ்வரி எழுந்தாள். "டீச்சர், அதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்ல? கப்பல் வரும்னு நெனச்சுக்கிட்டாவது இருந்திருப்பாக."

"உக்காரு" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள்.

லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினாள். ராஜபாளையத்தில் இறங்கி, அத்தை இருக்கும் சேத்தூருக்கு பஸ் மாற வேண்டும். பஸ் வந்து நின்றது, கிளம்பியது. அவள் எழுந்திருக்கவில்லை. அம்மா வீடு பக்கத்துத் தெருதான். அங்கே போய் விழுந்து அழலாம். சாயந்தரம் யாரோ ஓர் ஆபீசர், முகம் தெரியாத குரலில், அத்தையிடம் சொல்லிக்கொள்வார். அதுவும் இந்தியில். அத்தைக்குப் புரியாது. திரும்பத் திரும்ப என்ன என்ன என்று கேட்பாள். தனியாக.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பாலம்மாள் அடுப்படியில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்தாள். வாசலில் வெயில் இன்னும் சாயவில்லை.

"என்ன தாயி, இந்நேரத்துக்கு?"

"அத்த..."

"செத்த நேரம் இரு. இத வறுத்துட்டு வாரேன்."

"தேடுறத நிறுத்திட்டாகளாம் அத்த."

பாலம்மாள் திரும்பவில்லை. மல்லி சிவந்து, கறுத்து, புகைந்தது. வெங்கடேஸ்வரி குனிந்து கேஸை அணைத்தாள். புகைக்குள் கரண்டி மட்டும் சட்டியைச் சுற்றிச் சுற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தது.