கூப்பிட்டால் திரும்புகிற பெயர்

என் மகளுக்கு நான் வைத்த பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் அதை வெட்டிச் சுருக்கிக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவீர்கள். ஏற்கெனவே ஒருத்தியோடு மல்லுக்கட்டியே மாளவில்லை.

அந்த ஒருத்தி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள், துணியை விலக்கி மூக்கைப் பார்த்தாள், "அய்யோ, பட்டன் மாதிரி இருக்கு!" என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டன். நான் மாதக்கணக்கில் யோசித்து, வயிற்றைத் தடவிக்கொண்டே ரகசியமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயரைச் சீண்ட ஆளில்லை. நான் தையல்காரி. பட்டன் என் டப்பாவில் கிடக்கிற சாமான். என் டப்பாவிலிருந்தே எடுத்து என் பிள்ளைக்கே வைத்துவிட்டாள், பாருங்கள் சாமர்த்தியத்தை.

கடை கீழே, வீடு மாடியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரப்படி. பகலெல்லாம் நான் கடையில், குழந்தை மேலே நாத்தனாரிடம். அவளுக்குக் கால் சென்டரில் சாயங்கால வேலை. கோபத்தில் கத்துகிறவர்களையெல்லாம் அடங்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற குரல் அவளுடையது. அப்படிப்பட்ட குரலுக்கு ஒரு கைக்குழந்தையை வளைத்துப்போடுவது என்ன பெரிய காரியம்?

நானோ வேலை நேரத்தில் ஊமை. அளவு பார்க்க வந்தவரை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, கீழே மண்டி போட்டு, கவுன் ஓரத்தை மடித்து மடித்து ஊசி குத்துவேன். வாய் நிறையக் குண்டூசி இருக்கும். "ம்ம்" என்று ஒரு தரம் முனகினால் திரும்ப வேண்டும், இரண்டு தரம் முனகினால் நேராக நிற்க வேண்டும். வாடிக்கைக்காரர்களுக்கு இது அத்துப்படி.

குழந்தைக்குப் பசி வந்தால் நாத்தனார் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். "பட்டன் வந்தாச்சு, பட்டன் வந்தாச்சு" என்று படிக்குப் படி பாட்டு வேறு. படி என் முதுகுப் பக்கம். கையிலிருக்கிற மடிப்பை முடித்து, ஊசிகளைத் துப்பிவிட்டு நான் திரும்பும்போது என் மகள் அத்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பால் குடிக்க மட்டும் நான், சிரிக்க அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே, "அண்ணிக்கு உன்ன மாதிரி ஒரு ஆள் கெடைக்குமா?" என்று சிரிப்பேன். உள்ளே வயிறு எரியும்.

பிறப்புப் பதிவில் பெயர் எழுதக் கெடு நெருங்கியது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது அவர் தொழில், வீட்டிலும் அதே பிழைப்புத்தான்.

"எல்லாரும் பட்டன்னுதானே கூப்பிடுறாங்க. அதையே எழுதிட்டா என்ன?" என்றார்.

"உங்க லிஃப்டுக்கு வைங்க அந்தப் பேர," என்றேன்.

நாத்தனார் குழந்தையின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, "அண்ணி வெச்ச பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது. இவளும் அதுக்குத் திரும்ப மாட்டேங்கறா," என்றாள்.

திரும்ப மாட்டேன் என்கிறாளாம். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. வேறு யார் சொன்னாலும் பொறுத்திருப்பேன், இவள் வாயிலிருந்து வந்ததுதான் தாளவில்லை.

"ஞாயித்துக்கெழம பாத்துருவோம். எந்தப் பேருக்குத் திரும்பறாளோ, அதையே எழுதிக்கலாம்," என்று வாய்விட்டேன்.

அந்த வாரம் முழுக்கப் பாடம் நடந்தது. குளிப்பாட்டும்போது, தலை துவட்டும்போது, கால்சட்டை மாட்டும்போது, ஓயாமல் நான் வைத்த பெயரைச் சொன்னேன். கூடவே கிலுகிலுப்பையையும் ஆட்டினேன். டக்கென்று திரும்பினாள். கிலுகிலுப்பைக்குத் திரும்பியதையெல்லாம் பெயருக்குத் திரும்பியதாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. கடைத் தரையிலேயே போர்வையை விரித்துக் குழந்தையை நடுவில் உட்காரவைத்தோம். என் அளவு நாடாவின் நுனியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் நாத்தனார். கிலுகிலுப்பை கூடாது என்று வீட்டுக்காரர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நான் கூப்பிட்டேன். நாடாவை மென்றாள். இன்னும் குழைந்து கூப்பிட்டேன். நாடாவின் அடுத்த முனையைத் தேடினாள். கடைசியில் கத்தியே கூப்பிட்டேன். இஸ்திரிப் பெட்டியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பட்டன்," என்றாள் நாத்தனார், கிசுகிசுப்பது போல.

நாடாவோடு திரும்பினாள் என் மகள். இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"இது போங்கு!" என்றேன். "பேருக்கா திரும்பினா? நீ கொஞ்சுற கொஞ்சலுக்குத் திரும்பினா. எங்க, என் பேரச் சொல்லிக் கூப்பிடு பாப்போம்."

நாத்தனார் தயங்கினாள். "வேணாம் அண்ணி."

"கூப்பிடுங்கறேன்ல!"

கூப்பிட்டாள். நான் பார்த்துப் பார்த்து வைத்த அந்தப் பெயரை முதல்முறையாக முழுசாகச் சொன்னாள். மூச்சும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. என் மகள் உடம்போடு அவள் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள்.

என் பெயர் ஜெயித்துவிட்டது. நான் தோற்றுவிட்டேன்.

வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், "அப்புறமென்ன, உன் பேருக்கும்தான் திரும்பறாளே!" என்றார்.

"அண்ணி ஆசப்பட்ட பேரு. அதையே எழுதுண்ணே," என்றாள் நாத்தனார்.

விட்டுக்கொடுக்கிறாளாம். என் பிள்ளைக்கு நான் வைத்த பெயரை எனக்கே தானம் பண்ணுகிறாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"எதையாவது எழுதித் தொலைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மறுநாள் கொடுக்க வேண்டிய கவுன் ஒன்று ஆளுயரப் பொம்மையில் மாட்டிக் கிடந்தது. அதன் முன்னால் மண்டி போட்டேன். வாய் நிறைய ஊசியை வைத்துக்கொண்டால் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள், அழுகிறேனா என்றும் கேட்க மாட்டார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு ஓரத்தை மடித்தேன். கண்ணீர் மறைத்தது. முன்பக்கம் முடிந்ததும், எதிரே நிற்பது பொம்மை என்பதையும் மறந்து, பழக்கதோஷத்தில் "ம்ம்" என்று முனகினேன்.

பொம்மை திரும்பவில்லை. பின்னால் ஏதோ தரையில் உரசிக்கொண்டு வந்தது. குதிகாலில் ஈரமாக ஒரு கை பட்டது.

ஊசிகளை அவசரமாக உள்ளங்கையில் துப்பிவிட்டுப் பார்த்தேன். போர்வையைத் தாண்டி, அளவு நாடாவை இழுத்துக்கொண்டே தவழ்ந்து வந்திருந்தாள். என் பாதத்தைப் பிடித்தபடி என் வாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த முனகலுக்காக.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"எனக்கு இது முன்னாலயே தெரியும் அண்ணி," என்றாள். கால் சென்டர் குரல் இல்லை, சொந்தக் குரல். "படியில எறங்கும்போதெல்லாம் கீழ நீங்க ம்ம்னா போதும், என் கையிலேர்ந்து குதிக்கப் பாப்பா. நீங்க திரும்பறதுக்குள்ள நான்தான் தாடையப் புடிச்சு என் பக்கம் திருப்பிக்குவேன்."

உள்ளங்கையிலிருந்த ஊசிகளை டப்பாவில் போட்டேன்.

"மேல போய் நானும் ம்ம்னு சொல்லிப் பாத்தேன். எத்தனையோ தடவ. சும்மா பாக்கறா, அவ்வளவுதான். நாள் பூரா நான் தூக்கிச் சுமக்கறேன், நீங்க முனகினா போதுமா? எனக்கு எப்படி இருக்கும்?"

நல்ல மனுஷியாக இருந்தால் அவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லியிருப்பேன். நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாவம், உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றேன். சொல்லும்போதே உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. அவளுக்கும் எரிந்திருக்கிறது. இத்தனை நாளும் எரிந்திருக்கிறது. இதைவிட இனிப்பான செய்தியை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பதிவில் என் பெயரைத்தான் எழுதினோம். வீட்டில் பட்டன் என்றே இருக்கட்டும் என்று நானே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். தானம் பண்ண எனக்கு மட்டும் தெரியாதா?

இப்போதும் பசி நேரத்தில் நாத்தனார் பாட்டோடு படியிறங்கி வருகிறாள். "பட்டன் வந்தாச்சு, பட்டன் வந்தாச்சு." தேன் ஒழுகுகிறது அந்தக் குரலில். கடையில் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வாயில் ஒரு ஊசிகூட இல்லாவிட்டாலும் சரி, பாதிப் படி வரட்டும் என்று காத்திருந்து நான் முனகுகிறேன்: "ம்ம்."