பெரட்டில் பதில் சொன்னவர்கள்

1922ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் இருந்த கல்லாத்துத் தேயிலைத் தோட்டத்தில், புதைத்துப் பத்து நாளான பூவம்மா தன் பெயருக்குப் பதில் சொன்னாள். அன்று மழை இல்லை; கொழுந்து நன்றாக வந்திருந்தது. தவறு ரெங்கசாமிக் கங்காணியுடையது. பெரட்டு என்பது விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசை. எத்தனை பேர் பதில் சொல்கிறார்களோ அதைப் பொறுத்தே கங்காணிக்கு வரும்படி என்பதால், செத்தவர்களின் பெயரையும் மாதக் கடைசி வரை கூப்பிட்டு, தானே தொண்டையைக் கனைத்து ஒப்பேற்றுவது அந்தப் பக்கத்துக் கங்காணிகளின் பழக்கம். அன்று அவர் கனைப்பதற்குள் வரிசையின் நடுவிலிருந்து “இருக்கேங்க” என்று குரல் வந்தது. ஆள் இல்லை. சற்று நேரத்தில் ஐந்தாம் நம்பர் மலையில் ஒரு கூடை தானாக நிரம்பத் தொடங்கியது.

பிரசவத்தில் செத்த மற்றப் பெண்களும் பெயர் கூப்பிட்டால் வரலானார்கள். வலி எடுக்கும் நாள் வரை மலையில் நின்றவர்கள், வேலை பழகியிருந்தது. அவர்களுக்கு அரிசி அளக்க வேண்டாம், காய்ச்சலும் வராது. தோட்டத்துத் துரைக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கொழுந்தின் நிறையைப் பார்த்தபின் சரியாகிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரிகளைக் கடைசி மாதத்தில் லயத்து வீட்டிலேயே விட்டுவைக்கும் கொஞ்ச நஞ்ச வழக்கமும் அதோடு நின்றது. செத்தாலும் ஆள் குறையாது என்று ஆகிவிட்டதே.

பூவம்மாவின் புருஷன் ராமாமிர்தம் கண்டியில் காலேஜ் படித்துவிட்டுப் பதுளையில் வாத்தியாராக இருந்தவன். வேலையை விட்டான். மாமனாரின் லயத்துக்கு வந்து சேர்ந்தான். தினமும் பெரட்டுக் களத்து ஓரத்தில் நின்று அந்த ஒரு சொல்லைக் கேட்பான், திரும்பிப் போவான். அழுததை யாரும் பார்க்கவில்லை. பூவம்மாவின் தங்கை இராக்கம்மா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். அவளுக்கும் ஐந்தாம் நம்பர் மலைதான்.

செத்தவர்கள் தங்களைக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள் என்பது விரைவில் தெரிந்துபோயிற்று. அவர்களில் ஒருத்தியான நல்லம்மாவை அவள் தாய் ஒரு நாள் “என்னடி ஆத்தா நடந்துச்சு?” என்று கேட்டாள். நல்லம்மா முழுவதையும் சொன்னாள். மறுநாள் பெரட்டுக்கு வரவில்லை; தாயின் அடுப்படியில் போய் இருந்துகொண்டாள். யாரிடம் சொல்லித் தீர்க்கிறார்களோ அவர்களோடு போய்விடுவார்கள், அவ்வளவுதான். ராமாமிர்தமும் கேட்கலாம். கேட்டால் பூவம்மா அவனோடு இருப்பாள். ஆனால் என்ன சொல்வாளோ என்று பயந்து தள்ளிப்போட்டான்.

பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த வைரவநாதன் வேறொன்றைக் கவனித்திருந்தார். வளைகாப்புக்குச் சேலை எடுத்த தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் துணி எடுக்க வருவதில்லை. ஏன் என்று கடைவீதியில் யாருக்கும் தெரியவில்லை. கதிர்காமம் போகிறவர்களுக்கு வருஷா வருஷம் போடும் அன்னதானத்தை நிறுத்தி, அந்தச் செலவில் ராமாமிர்தத்தைத் தோட்டம் தோட்டமாக விசாரித்து மேலிடத்துக்கு எழுத அனுப்பினார். அவர் மனைவி வள்ளியம்மை சும்மா விடவில்லை. “முருகனுக்குப் போடுற சோத்த வெள்ளக்காரனுக்கு எழுதப் போடுறீங்க.”

“முருகன்கிட்டேருந்து பதில் வர நேரமாகுது.”

“இவன் மட்டும் மறு தபால்லயே போட்டுருவானாக்கும்.”

ஸ்பிரிங்வெளி தொடங்கி நமுனுகுல வரை ராமாமிர்தம் நடந்தான். உயிரோடு இருந்த பெண்களிடம் ஒரே கேள்விதான்: பேறுகாலத்துக்கு எத்தனை நாள் முன்னால் மலையை விட்டு இறங்கினாய்? செத்தவர்களை அவன் கேட்கவில்லை. அவன் எழுதிய ஆராய்ச்சி கப்பலேறிற்று. யுத்தம் முடிந்தபின் நாடுகள் கூடி ஏரிக்கரை ஊரொன்றில் ஏற்படுத்தியிருந்த சபைக்கு அது போய்ச் சேர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஓய்வு தரவேண்டும் என்று அந்தச் சபையில் ஒரு சட்டம் இருந்தது. ஆனால் ஆளப்படும் தேசங்களுக்காக ஆளும் அரசாங்கம் மட்டுமே பேசலாம் என்று அதற்கு மேல் ஒரு விதியும் இருந்தது. அரசாங்கம் பேசிற்று: எங்கள் தோட்டங்களில் எந்தப் பெண்ணும் குறையவில்லை, எல்லாரும் பெயருக்குப் பதில் சொல்கிறார்கள், வேண்டுமானால் வந்து கேளுங்கள்.

கேட்பதற்குச் சபையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அன்று இராக்கம்மாவுக்கு நிறைமாதம். கை நிறைய வளையலோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

“என்ன இராக்கி, நிக்கிறியா, சாஞ்சிட்டியா?” என்றார் ரெங்கசாமி.

“இருக்கேங்க. செத்தாலும் இருப்பேங்க, எங்கக்கா மாதிரி.”

இரண்டொருவர் சிரித்தார்கள். அடுத்தது பூவம்மா. “இருக்கேங்க.” கடைசிப் பெயர் வரை பதில் வந்தது. வந்தவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தொப்பியை எடுத்தார். வரிசை கலைந்து மலைக்குத் திரும்பியது. இராக்கம்மா இரண்டடி வைத்து நின்றாள், மறுபடி நடந்தாள்.

ராமாமிர்தம் களத்துக்குள் இறங்கினான்.

“பூவம்மா. எந்த நாள் வரைக்கும் மலையேறின? எனக்குச் சொல்லாத. அந்தா நிக்கிறாரே, அவருக்குச் சொல்லு.”

குரல் வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் வந்தது. “வலி எடுத்த அன்னைக்கு வரைக்குங்க. கூடைய எறக்கிக்கிறேன்னு கங்காணிகிட்டக் கேட்டேன். கொழுந்த நிறுத்துட்டுப் போன்னாரு. நிறுக்குற மடுவத்துல வரிசை பெருசு. எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமதான் வருவாரு. அன்னைக்கு வியாழக்கிழமைங்க.”

செத்த மற்றவர்களையும் அவன் அப்படியே கேட்டான்; அவர்களும் அவருக்கே சொன்னார்கள். துபாஷி மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தான்; வெயில் ஏறிவிட்டது. வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அரசாங்கம் சொல்வதைத் தவிர வேறெதையும் எழுதிக்கொள்ளத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார்.

“எழுத வேண்டாம். கூட்டிக்கிட்டுப் போங்க” என்றான் ராமாமிர்தம்.

அவர் ஒருவர் மட்டுமே ஏறிய வண்டியை மாடுகள் பாரம் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போயின. மறுநாள் பெரட்டில் ரெங்கசாமி பூவம்மாவைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை; அவருக்குக் கனைக்கவும் வரவில்லை. ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து முற்றியது. இனி இருக்கிறவர்களை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்று துரைக்குக் கணக்குத் தெரிந்தது. பேறுகாலம் முடியும்வரை இராக்கம்மா லயத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். அந்த வாரமே பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

ஏரிக்கரைச் சபையிலும் காலையில் நாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவும் ஒரு பெரட்டுத்தான். ஆளும் நாட்டின் பெயரைக் கூப்பிட்டபோது, அதன் பிரதிநிதி எழுவதற்குள் “இருக்கோங்க” என்று பல பெண்குரல்கள் கேட்டன. மறுநாளும் கேட்டன. குமாஸ்தாக்கள் ஜன்னல்களைச் சோதித்தார்கள். ஒரு குழு மூன்று வருஷம் உட்கார்ந்து விதியைத் திருத்தியது: அரசாங்கம் பேசியபின் இன்னொரு குரலும் பேசலாம், தனியார் செய்த ஆராய்ச்சியையும் சபையில் வாசிக்கலாம். முதலில் வாசிக்கப்பட்டது வைரவநாதன் செலவில் எழுதப்பட்டது. பத்திரிகையில் அந்தச் செய்தி தேயிலை விலைக்குக் கீழே வந்தது. அந்த வருஷம் அன்னதானம் மறுபடி தொடங்கிற்று. முருகன் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் வள்ளியம்மை.

ராமாமிர்தம் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினான். ஏரிக்கரைச் சபையில் காலையில் பெயர் கூப்பிடும் நேரம், இங்கே பிற்பகல் பாடவேளை. அந்த நேரத்தில் சுண்ணக்கட்டி பலகையில் நிற்கும். பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, காத்திருப்பார்கள். பதிலைக் கேட்டுவிட்டவர்போல வாத்தியார் மெல்லத் தலையசைத்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொள்வார்கள்.