எட்டு வால்வும் ஒரு புகைப்படமும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். முன்னறையில் உட்கார இடமில்லை. பெரிய பத்தமடைப் பாயை விரித்து, அதன்மேல் ஒரு பழைய பிக்கப் வண்டியின் எஞ்சினைத் துண்டு துண்டாகப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் எண் எழுதிய தாள். நின்றுகொண்டே காபி குடித்தேன். இந்தப் பாயை யாராவது உதறிவிட்டால் என்ன ஆகும் என்ற யோசனையில் கல்யாணத் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'தாமிரபரணியில் வெள்ளம் வடிந்திருந்த ஒரு காலையில் ஹெப்ரான்...' அடித்துவிட்டேன். ஆற்றுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? திருநெல்வேலிக் கதை என்றால் ஆறு வந்து தலைகாட்டியே தீரவேண்டுமா?

2

ஹெப்ரான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். [எழுத்தர் எஞ்சினைப் பிரிப்பாரா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. பிரிப்பார். போனில் வீடியோ பார்த்தே பிரிப்பார்.] உவரியில் ஒரு மீன் வியாபாரி கைவிட்ட வண்டி அது. அதை ஓடவைத்து, அங்கிருந்து டவுனுக்கு மீன் ஏற்றிவர வேண்டும் என்பது அவர் ஆசை. ராஜினாமாக் கடிதம் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். வண்டி ஓடிய மறுநாள் கொடுத்துவிடுவார்.

மூன்றாம் வகுப்பு டீச்சரான அவர் மனைவி எப்சிக்கு அங்கேதான் பயம்.

"பிரசங்கம் ஆரம்பிச்ச மூணாவது நிமிசம் தூங்குதீங்க. விடியக்காலம் வண்டிய எடுத்தா யாரு முழிச்சிருப்பா?"

"கர்த்தர் முழிச்சிருப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. நானும் அந்த வரியை எழுதிவிட்டுச் சிரிக்கவில்லை. ஆள் செத்துப்போகக்கூடிய சமாச்சாரம்.

3

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையார் உட்காரப் பாய் வேண்டும். ஹெப்ரான் அலுவலகத்தில் இருந்தார். எப்சி முதலில் பாயைப் போனில் படம் எடுத்தாள். வகுப்பறைச் சுவரிலிருந்து படங்களைக் கழற்றும்போதும் அப்படித்தான் செய்வாள். பிறகு துண்டுகளைத் தூக்கி ஓரம் வைத்தாள். காளான் மாதிரி தலையும் தண்டுமாக இருந்த எட்டு வால்வுகளையும் துடைத்து, பெரியதிலிருந்து சிறியது வரை எவர்சில்வர் தட்டில் வரிசையாக அடுக்கினாள். டீச்சர் கை சும்மா இருக்குமா?

ஹெப்ரான் வந்து தட்டைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு வால்வையும் எஞ்சினில் அதனதன் குழியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியிருந்தார். ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராது. எது எந்தக் குழியுடையது என்று சொன்னது பாயும் தாளும்தான்.

எப்சி படத்தைக் காட்டத்தான் நினைத்தாள். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வசனம் வாசிக்க வேதப்புத்தகத்தைத் திறந்தாள். உள்ளே அவர் ராஜினாமாக் கடிதம் இருந்தது. போன் கைப்பைக்குள் போய்விட்டது.

[வேண்டுமென்றே கலைத்தாள் என்றுதான் முதலில் எழுதினேன். எப்சி அதற்கு ஒத்துவரவில்லை. கலைக்கத் துணிந்தவள் எதற்குப் படம் எடுக்கிறாள்?]

4

ஹெப்ரான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வால்வைக் குழியில் உட்காரவைத்து மேலே மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். கசிந்தால் அது அந்த இடத்து வால்வு இல்லை. எட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

குற்ற உணர்ச்சியில்தான் எப்சி முதல் நாள் டார்ச் பிடித்தாள். நாலாம் நாள் அவளே குனிந்து பார்த்தாள்.

"பைய ஊத்துங்க. இங்கன பாருங்க, ரெண்டாவது ஒழுகுது."

"நின்னுட்டு போலிருக்கே?"

"நிக்கல. ஓரமா வருது."

பெரிய வால்வுகள் நாலுக்கும் ஒரே வாரத்தில் இடம் தெரிந்தது. சிறிய நாலும்தான் படுத்தின. அதில் ஒன்றின் தலையில் பிறை போல ஒரு வடு. 'பிறைக்காரன்' என்று அதற்குப் பேர் வைத்தது எப்சிதான். இதற்கிடையில் அவள் இன்னொரு கணக்கும் வைத்திருந்தாள். இருபத்தொரு நாள், தினம் இரண்டு மணிநேரம். மனுசன் ஒரு கொட்டாவி விடவில்லை.

5

சனிக்கிழமை எட்டும் கசியாமல் நின்றன. ஹெப்ரான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எப்சி அடுக்களைக்குள் போய், முதல் முறையாக அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

படத்தில் பிறைக்காரனுக்கு அடியில் எட்டிப்பார்த்த தாளில் மூன்று என்றிருந்தது. அவன் மூன்றாம் குழியில் இருக்க வேண்டியவன். ஹெப்ரான் அவனை நாலாவதில் வைத்திருக்கிறார். மூன்றும் நாலும் இடம் மாறியிருந்தன.*

* மெக்கானிக் இசக்கியிடம் கேட்டேன். "கசிவு கண்ணுக்குத் தெரியாம இருக்கும் அண்ணாச்சி. வண்டி நல்லாவே ஓடும். பெறகு ஒருநாள் வால்வு எரிஞ்சு நின்னுரும். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க." எங்கே என்றாவது கேட்டேன். "ரோட்லதான். வீட்டுலயா எரியும்?"

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

படத்தைக் காட்டுகிறாள். இருபத்தொரு நாள் ஒளித்துவைத்தாயா என்று அவர் கேட்கவே... [இதற்குமேல் ஓடவில்லை. கோபப்படுவாரா, பிறைக்காரனுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் கோபத்தை மறப்பாரா?] எப்படியானாலும் திங்கட்கிழமை கடிதம் போய்ச்சேரும்.

படத்தை அழித்துவிடுகிறாள். ஒருநாள் வண்டி வழியில் நிற்கிறது. ஹெப்ரான் பஸ் ஏறி வீடு வந்து பழைய வேலையே போதும் என்கிறார். [வேலையைத்தான் விட்டுவிட்டாரே. இருட்டில், நடுரோட்டில், பின்னால் லாரி வந்தால்? எனக்கே பயமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.]

இப்படி நான் கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹெப்ரான் முன்னறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார். எஞ்சினை மூட ஸ்பானரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எப்சி போனோடு அடுக்களை வாசற்படியில் நிற்கிறாள்.

"எப்சி, நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு. ஒங் கண்ணுதான் சரியா பாக்கும். மூடிரலாமா?"

அவள் பதிலை நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்தேன். அவள் இடத்தில் இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை அவள் வாயில் திணிக்க மனம் வரவில்லை.

போனை உங்களிடம் தருகிறேன். படம் திறந்துதான் இருக்கிறது. ஸ்பானர் கனமானது, அவர் கையைத் தூக்கியபடியே காத்திருக்கிறார். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.