பித்தளைப் பூட்டு

மாடியில் ‘தொம், தொம்’ என்று கேட்டபோது, தலைவர் பெண் பார்க்க வந்தவர்களிடம் தம் வீட்டின் காற்றோட்டத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அவர் நாட்டுக்கோ கட்சிக்கோ தலைவர் அல்ல. தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குத்தான். வேறு யாரும் போட்டியிட முன்வராததால் பதினோரு வருடமாக அந்தப் பதவி அவரை விடவில்லை.

“எலி,” என்றார் தலைவர்.

“செருப்புப் போட்ட எலி மாதிரியில்ல இருக்கு!” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

தலைவரின் மனைவி எழுந்துபோய் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். எதையும் கேட்காமல் இருப்பதற்காகவே அந்த வீட்டில் வாங்கிவைத்த வானொலி அது.

தேநீர்த் தட்டோடு நின்ற மூத்த மகள் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். மாடியில் இருப்பது அவள் தங்கச்சி. ஒன்பது வயது. பிறக்கும்போதே வலக் கன்னம் முழுக்க, மை கொட்டியதுபோல ஒரு மச்சம். “ஒண்ணும் பயமில்ல, நல்லா ஓடி விளையாடும்,” என்றார் மருத்துவர். தலைவர் வேறு தீர்ப்புச் சொன்னார்: “மூத்தவளைப் பார்க்க வர்றவங்க கண்ணுல இது படக் கூடாது. அவ கல்யாணம் முடியட்டும், கதவைத் திறந்துடலாம்.”

குழந்தை தங்கவில்லை என்று தெருவுக்குச் சொல்லியாயிற்று. தெருவும் வந்து துக்கம் விசாரித்தது. பிறகு மாடிச் சன்னலில் ஒரு முகத்தைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் விசாரித்த துக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது மரியாதையாக இருக்காது என்று அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள்.

தலைவரின் சட்டம் ஒன்றுதான்: “அதுகிட்ட யாரும் பேசாதீங்க. பேசக் கத்துக்கிட்டா சத்தம் போடும்.” சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், காலித் தட்டு வெளியே வரும். போன மாதம் பூங்காவில் ஊஞ்சலைத் திறந்துவைத்து, “குழந்தைங்கள அடைச்சு வைக்காதீங்க!” என்று அவர் முழங்கிய புகைப்படம் மாடிப்படிக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டுத் தொங்கியது.

மூத்தவளுக்குப் பேசுவதுதான் பிழைப்பு. சலவை இயந்திரக் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே தொலைபேசியில் கேட்பாள். அவள் மேசை இருந்தது மாடியில், பூட்டிய அந்தக் கதவை ஒட்டி. “வணக்கம். காத்திருந்ததற்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?” எதிர்முனையில் பேச்சு நின்றுபோனால், “சார், லைன்ல இருக்கீங்களா?” எதிர்முனை வைத்த பிறகும் அவள் நிறுத்தமாட்டாள். மழை வரப்போவதையும், மதில்மேல் பூனை சோம்பல் முறிப்பதையும் கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கம் போகும் தலைவர், மகளின் தொழில் பக்தியை மெச்சிக்கொண்டு போவார். சில நாளாகக் கதவுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு. என்னவென்றுதான் புரியவில்லை.

மறுபடியும் ‘தொம்’.

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையை வைத்தாள். “எதுக்கு மூடி மறைக்கிறீங்க சம்பந்தி? மேல என்ன பூட்டு போட்டிருக்கீங்க?”

தலைவரின் முகத்தில் ரத்தமே இல்லை. “பூ... பூட்டா?”

“எங்க வீட்டுலயும் பின்னாடி ரூம்ல ஒருத்தன் இருக்கான். இவனுக்குத் தம்பி. காலு சரியில்ல. பன்னெண்டு வருஷமாச்சு. பூட்டுதான் துருப்பிடிச்சுத் துருப்பிடிச்சு உயிரை வாங்குது.”

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பித்தளை வாங்குங்கம்மா! ஒன்பது வருஷமா ஒரே பூட்டு!”

“அப்படிச் சொல்லுங்க!”

இரண்டு குடும்பங்களும் ஒரே தரம் என்பது ஒரு நிமிடத்தில் உறுதியாகிவிட்டது. ஜாதகமெல்லாம் இவ்வளவு பொருந்தாது. “உங்க பொண்ணுக்குத் தட்டு வைக்கிற பழக்கமும் இருக்கும். நான் இனிமே கொஞ்சம் உக்காரலாம்,” என்று சிரித்தாள் சம்பந்தியம்மா.

மூத்தவள் கேட்டாள்: “அப்பா, என் கல்யாணம் முடிஞ்சா திறக்கிறதாச் சொன்னீங்களே?”

“திறக்காம என்னம்மா? நாளைக்கு உனக்கும் ஒரு பொண்ணு பிறக்கும். அதுக்கும் ஒரு வரன் அமைஞ்சுடட்டும்.”

அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். இன்னொரு கையால் வானொலியை நிறுத்தினாள்.

“ஏய், என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?” என்று தலைவர் எழுவதற்குள் மூத்தவள் பாதிப் படி ஏறிவிட்டாள்.

இறங்கும்போது ஒரு கையில் பூட்டு. இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள் சின்னவள். படி என்பதே அவளுக்குப் புதிது.

பிஸ்கட்டுகளுக்கு நடுவில் பூட்டை வைத்தாள் மூத்தவள். “நீங்க கேட்டீங்களே, இதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க. இங்க இனிமே வேலையில்ல.”

யாரும் தொடவில்லை. சின்னவள் அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தெளிவாக, அக்காவின் குரலிலேயே சொன்னாள்:

“வணக்கம். காத்திருந்ததற்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை அம்மா பக்கம் திரும்பினான். “தம்பிக்குப் பேச வருமாம்மா?”

சம்பந்தியம்மா பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் நாலு எட்டு வைத்து, புகைப்படத்துக்குக் கீழே சிலையாக நின்றிருந்த தலைவரின் முன்னால் போய் நின்றாள். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

“சார், லைன்ல இருக்கீங்களா?”