சுக்கான் யார் கையில்

ஒரு வாரக் கால்வாய்ப் படகு விடுமுறையில் கெய்லி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தடவையாவது சுக்கானைப் பிடிக்க வேண்டும். "எங்கப்பா தருவாரு, நான் சொல்றேன்ல" என்று அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பியர்ஸ் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. அவன் அப்பா ஜெஃப்ரி சுக்கானைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்தார். படகு ஓட்டுவது எவ்வளவு நுட்பமான காரியம் என்ற பிரசங்கம், வெதுவெதுப்பான பீர், அப்புறம் லாக் திறக்கும் இரும்புச் சாவி.

அந்தக் கால்வாயில் அது எழுதாத சட்டம். நடக்கிற வேகத்தில் போகும் படகின் வாலில் ஆம்பளை நிற்பான். ஒரு கையில் சுக்கான், மறு கையில் டீ. பெண்டாட்டி கரையில் ஓடுவாள். மேட்டுத் தண்ணீரிலிருந்து பள்ளத்துத் தண்ணீருக்குப் படகை இறக்கும் கல்தொட்டிதான் லாக். அதன் மதகுகளைச் சாவி போட்டுத் திருகித் தூக்குவதும், யானை மாதிரி அசையாத கதவை முதுகு கொடுத்துத் தள்ளுவதும் மென்மையான பெண்களுக்கு. நின்ற இடத்தில் நின்று டீ குடிப்பதற்குத்தான் பலம் வேண்டுமாம்.

கெய்லி வால்சால் ஊர் பஸ் டிரைவர் மகள். அவர்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். 'உனக்கு இது சரிப்படாது' என்று இந்தப் பெரிய வீட்டுக் கூட்டம் வாய் திறந்து சொல்லாது, சிரித்துக்கொண்டே தள்ளிப்போடும் என்பதைக் கல்லூரியிலேயே கற்றிருந்தாள். முதல் நாள் வளைவு அதிகம் என்றார் ஜெஃப்ரி. அப்புறம் பாலம் அதிகம். கடைசி நாள் காலையில் இலை அசையவில்லை. "இன்னிக்குக் காத்து ஒரு மாதிரி இருக்கும்மா" என்றார்.

மத்தியானம் வந்த லாக்கின் பக்கத்தில் மதுக்கடை, அதன் தோட்டத்தில் கூட்டம். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் ஜெஃப்ரிக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிடும். படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டு, கெய்லி ஒரு கரையிலும் பியர்ஸின் அம்மா ஹிலரி எதிர்க்கரையிலுமாக முன்கதவின் மதகுகளைத் தூக்கினார்கள். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஜெஃப்ரி கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்: "பாக்க லேசாத் தெரியும். ஆனா கண்ணு எப்பவும் பின்னாலயே இருக்கணும்." அவர் கண் பீர்க் கோப்பைகளின் மேல் இருந்தது. படகு மெல்லப் பின்னால் நகர்ந்து, பின்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிமேல் வால் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க மூக்கு கீழே போனது.

ஹிலரிதான் முதலில் பார்த்தாள். "ஜெஃப்ரி கண்ணா, தொந்தரவுன்னு நெனைக்காதே... ஒருவேளை கொஞ்சம் முன்னால..." என்றாள். தூங்கும் பூனைகூட எழுந்திருக்காத குரல். தோட்டத்தில் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்பின் தெரியாத மனுஷனிடம் 'உன் படகு முழுகுது' என்று எப்படிச் சொல்வது?

"யோவ்! மாட்டிக்கிச்சுய்யா! ஹிலரி, மதகை இறக்குங்க!"

கெய்லி கத்திய கத்தலில் வாத்துகள் பறந்தன. தன் மதகை இறக்கிவிட்டு பின்கதவு இருக்கும் மேல்கோடிக்கு ஓடி, அங்கிருந்த மதகைத் தூக்கித் தண்ணீரை உள்ளே விட்டாள். படகுக்குள் தட்டுகள் உடைந்தன. மெல்ல மெல்ல மூக்கு நிமிர்ந்தது.

வெள்ளரிக்காய் சாண்ட்விச்சோடு பியர்ஸ் படகுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "அப்பாவைப் போயி 'யோவ்'ங்கிறியே கெய்லி?"

"அவர் முழுகறப்ப 'வாங்க போங்க'ன்னு மரியாதை வெச்சுக் கூப்பிடணுமாடா?"

ஜெஃப்ரி தொப்பியைச் சரிசெய்தார். "இந்த லாக்கே கோணல்மாணலாக் கட்டியிருக்கான். ஆனா ஒண்ணு சொல்லணும்மா, லாக் வேலைக்குன்னே பொறந்தவ நீ. உன்னைச் சுக்கான்ல நிக்கவெச்சு வீணடிக்கக் கூடாது."

கெய்லி சாவியைக் கையில் எடுத்தாள். மேல் மதகை மூடினாள், ஹிலரியோடு சேர்ந்து முன்மதகுகளை மறுபடியும் தூக்கினாள். இந்தத் தடவை படகு ஒழுங்காக இறங்கி, பாசி பிடித்த சுவர்களுக்கு நடுவே கிணற்றுத் தவளை மாதிரி நின்றது. முன்கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. கெய்லி கதவைத் தள்ளும் நீள மரத்தண்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னம்மா, களைச்சுட்டியா?" பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

"இல்ல. சுக்கானைக் குடுங்க, கதவு திறக்கும்."

"கெய்லி, விளையாடாதே" என்றான் பியர்ஸ்.

"நான் ஒரு வாரமா வேலைதான் செய்யறேன். இப்பத்தான் விடுமுறை."

ஹிலரி எதிர்க்கரையில் இருந்து அவளையே பார்த்தாள். பிறகு தன் பக்கத்துத் தண்டின் மேல், பாவாடையைச் சரிசெய்துகொண்டு, அவளும் உட்கார்ந்தாள்.

ஜெஃப்ரி அதற்கும் அசைந்திருக்க மாட்டார். ஆனால் மேலே இன்னொரு படகு வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. முதல் படகுக்காரர் இறங்கி வந்து, லாக்குக்குள் எட்டிப் பார்த்து, மிகவும் அன்பாக, "அவசரமே இல்லைங்க" என்றார். அந்த ஊரில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. வரிசையை நிறுத்திவைத்தவன் என்ற பெயருக்கு முழுகிப்போனவன் என்ற பெயரே மேல்.

ஜெஃப்ரி காது சிவக்க, வழுக்கும் இரும்பு ஏணியில் ஏறி மேலே வந்தார். "எடுத்துக்கம்மா, போ."

கெய்லி தண்டிலிருந்து குதித்தாள். அதற்குள் எதிர்க்கரையில் ஹிலரி தன் பக்கத்து ஏணியில் பாதி இறங்கியிருந்தாள். கெய்லி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தபோது சுக்கான் ஹிலரி கையில் இருந்தது.

"ஹிலரி, அது எனக்கு—"

"தெரியும் கண்ணு. ரொம்ப மன்னிச்சுக்கோ." குரல் அதே மெல்லிய குரல்தான். "கல்யாணம் ஆன கோடையிலேருந்து ஓடிட்டிருக்கேன். கதவைத் திற. பாவம், பின்னால நிக்கறாங்க."

கெய்லிக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் பிடிபடவில்லை. போய்த் தண்டுக்கு முதுகு கொடுத்தாள். எதிர்க்கரைத் தண்டுக்கு வந்து நின்ற ஜெஃப்ரி அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது எந்தப் பக்கமா தள்ளணும்?"

சொல்லிக் கொடுத்தாள். கதவு திறந்தது. சுவரில் ஒரு கீறல் படாமல் படகு வெளியே போனது. ஆளை ஏற்றிக்கொள்ள வேண்டிய படித்துறையில் அது நிற்கவில்லை. சாண்ட்விச்சும் கையுமாக பியர்ஸ், "அம்மா! கெய்லி வரலம்மா!" என்று கூவிக்கொண்டே வளைவில் மறைந்தான்.

"இடிச்சுடப் போறா" என்றார் ஜெஃப்ரி.

"பேசாம நடங்க" என்றாள் கெய்லி.