அணையாத ஐந்தாவது கம்ப்யூட்டர்

கரண்ட் போனதும் அவள் சந்தோஷப்பட்டாள் என்றால் நம்பத்தான் வேண்டும். அவள் பிழைப்பே அதில்தான் இருந்தது. மற்ற மென்பொருள்கள் தங்கள் தகவல்களைப் பத்திரமாக எழுதி வைக்க உதவும் ஒரு சின்ன டேட்டாபேஸ் லைப்ரரியை அவள் எழுதியிருந்தாள். பாதியில் மின்சாரம் போனாலும், எழுதியாயிற்று என்று சொன்னதில் ஒரு வரி குறையக் கூடாது. அதைச் சோதிக்கவே பின்னறையில் ஐந்து வகைக் கம்ப்யூட்டர்களை வைத்து, டைமர் சுவிட்ச் மாட்டி, நாளைக்கு இருநூறு தடவை அணைத்துக்கொண்டிருந்தாள். இந்த மாதம் முழுக்க ஐந்துமே நூற்றுக்கு நூறு.

அந்தத் தெம்பில்தான் போன வாரம் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குப் புதிய பதிப்பைக் கொடுத்தாள். நாத்தனார் நர்ஸாக இருக்கும் வார்டு. எந்த நோயாளிக்கு எந்த மருந்து எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று அங்கிருக்கும் கருவி இதில்தான் குறித்து வைக்கிறது.

பின்னறையை எட்டிப் பார்த்தாள். நான்கு கம்ப்யூட்டர்கள் செத்துக் கிடந்தன. ஐந்தாவது ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் இல்லாமல் இது எப்படி எரியும்? மேஜைக்கு அடியில் குனிந்தால், ஒரு பேட்டரிப் பெட்டி.

"மாமா! இதை யாரு வச்சது?"

மாமனார் ரிடையரான எலக்ட்ரீஷியன். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். "நான்தாம்மா. ஒரு மாசம் ஆச்சு. இது பழைய மிஷினு, பாவம், சும்மா சும்மா அணைஞ்சு போச்சு. நீ எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதுற! பேட்டரி கீங் கீங்னு கத்துச்சு, அந்த ஒயரையும் வெட்டி விட்டுட்டேன்." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவரைத் திட்டி என்ன பயன்? வரிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றுதான் அவளுடைய சோதனை கேட்டது. கம்ப்யூட்டர் அணைந்ததா என்று கேட்கவே இல்லை. அதைக் கேட்க வைக்காத மகாபுத்திசாலி அவளேதான். வார்டில் இருப்பதும் இதே வகைக் கம்ப்யூட்டர்.

கரண்ட் வந்தது. பேட்டரியைக் கழற்றி எறிந்தாள். 'நூறு வரி எழுதியாயிற்று' என்று திரை சொன்ன பிறகு, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பப் போட்டுப் பார்த்தால் அறுபத்தொன்று. மறுபடி பிடுங்கினாள். ஐம்பத்தெட்டு. கடைசியாக எழுதியவை எல்லாம் மாயம்.

ஆஸ்பத்திரிக்கும் இதே கரண்ட் லைன்தான். நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அங்க கரண்ட் போச்சா?"

"போச்சு அண்ணி. பத்து செகண்ட்ல ஜெனரேட்டர் வந்திருச்சு. உங்க மிஷினும் சமத்தா எழுந்திருச்சு."

"அது காட்டுறத நம்பாத! கடைசியாப் போட்ட மருந்தெல்லாம் அழிஞ்சிருக்கும். போட்டதையே போடலன்னு காட்டும்."

"அண்ணி... நான் இப்பத்தான் டூட்டி மாத்தி வந்தேன். மூணு பேருக்கு இன்சுலின் போடலன்னு செவப்பா காட்டுச்சு. முன்னாடி இருந்தவ மறந்துட்டான்னு நெனச்சு..."

"போட்டுட்டியா?"

போன் எதன் மேலோ விழுந்தது. யாரையோ கூப்பிட்டுக் கத்திக்கொண்டு செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடியது.

"யாரு, நம்ம பொண்ணா?" என்றார் மாமனார், வெட்டிய ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டே. "வேலை எப்படிப் போகுதாம் அவளுக்கு?"